வண்டி மக்கர் பண்ணிய சாயங்காலங்கள்

ஜூலை 3, திங்கள்

காலை 6.40க்கு வண்டியை வெளியே தள்ளி உதைத்தேன். ஸ்டார்ட் ஆகவில்லை. இருபது உதை உதைத்தும் ஆகவில்லை. டேங்கை ஆட்டிப் பார்த்தேன், பெட்ரோல் இருக்கிறது. சோக் போட்டு, போடாமல், சாய்த்து வைத்து, நிமிர்த்தி வைத்து எல்லா விதமாகவும் உதைத்தாயிற்று. ஹாரன் மட்டும் ஜோராக அடிக்கிறது.

சம்பூரணம் நேற்றுச் சாயங்காலம் மகள் யமுனாவோடு உடுமலைக்குப் போய்விட்டாள். சின்ன மனஸ்தாபம். மகள் வந்துவிட்டுப் போகும்போது அம்மாவும் கூடப் போய் நாலு நாள் இருந்துவிட்டு வருவது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். வண்டி சரியானதும் நானே போய்ப் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன். தாராபுரத்திலிருந்து ஒரு மணி நேரம்.

பஸ்ஸில் போகலாம்தான். ஆனால் இந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் முப்பத்தோரு வருஷம் டைம் கீப்பராக இருந்துவிட்டுப் போன வருஷம்தான் ரிட்டயர் ஆனேன். ஏறினால் ஒவ்வொரு கண்டக்டரும், “எங்கீங்ணா கிளம்பிட்டீங்க, அக்கா வரலீங்களா?” என்பான். பதில் சொல்லி மாளாது.

நாளையிலிருந்து ஒரு பால் பாக்கெட் போதும் என்று கடையில் சொல்ல வேண்டும்.

ஜூலை 4, செவ்வாய்

பிளக்கைக் கழற்றினேன். கரி பிடித்திருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இன்ஜின் மேல் வைத்துக்கொண்டு உதைத்தேன். பொறி வர வேண்டும். வரவில்லை. ஆக, பெட்ரோல் சங்கதி இல்லை, கரண்ட் சங்கதி. இந்த மட்டுக்காவது கண்டுபிடித்தேனே.

வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் வின்சென்ட், மாமனாருக்கு ஆபரேஷன் என்று தூத்துக்குடி போயிருக்கிறான். பட்டறை பூட்டிக் கிடக்கிறது. ஒரு வாரம் ஆகுமாம்.

ரசம் வைத்தேன். புளி அதிகம். சாப்பிட்டேன்.

ஜூலை 6, வியாழன்

பைபாஸ் பக்கம் புதிதாகப் பட்டறை போட்டிருப்பவனிடம் வண்டியை எதிர்க்காற்றில் தள்ளிக்கொண்டு போனேன். ஒன்றேகால் கிலோமீட்டர். ஜூலைக் காற்று சட்டையை உருவிவிடும் போல அடித்தது. அவன் பிளக் மாற்றினான், இக்னிஷன் காயில் மாற்றினான், பிறகு தலையைச் சொறிந்து, “ஒயரிங்ல எங்கியோ இருக்குதுங்க” என்றான். எங்கே என்று கேட்டால், எங்கியோதானுங்க என்கிறான்.

இந்த மாதிரிக் காரணங்களை நான் நிறையப் பார்த்தவன். ஸ்டாண்டில் பெரிய ரிஜிஸ்டர் உண்டு. பஸ் லேட்டாக வந்தால் அதன் கடைசிக் கட்டத்தில் டிரைவர் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒருத்தன் ‘ரயில்வே கேட்’ என்று எழுதினான். அவன் வந்த ரூட்டில் தண்டவாளமே கிடையாது. கூப்பிட்டு நிற்க வைத்து அரைமணி நேரம் டோஸ் விட்டேன். காரணம் எழுதத் தெரியாதவனை எனக்குப் பிடிக்காது.

பதினொரு மணிக்கு யமுனாவுக்குப் போன் போட்டேன். அம்மா தூங்குகிறாளாம். சம்பூரணம் பகலில் தூங்கி நான் பார்த்ததில்லை. வயசாகிறது, அலைச்சலாக இருக்கும்.

ஜூலை 9, ஞாயிறு

கொஞ்சம் உடம்பு சரியில்லை. ஒன்றும் செய்யவில்லை.

ஜூலை 10, திங்கள்

தண்ணீர் வந்தது, பிடித்து வைத்தேன். அவளுடைய இரண்டு சேலைகள் ஒரு வாரமாகக் கொடியிலேயே கிடந்திருக்கின்றன. மடித்து வைத்தேன். அவள் மடிப்பது போல வரவில்லை.

அவள் கிளம்பிப்போன இரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் ஒரு நண்பர் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டு வந்தேன். வாசலில் பேத்தி நின்றாள். நாலு வயசு. “தாத்தா, ஒரு ரவுண்டு” என்றாள். ஓடிக்கொண்டிருந்த வண்டியை அணைக்காமலே அவளைத் தூக்கி டேங்க் மேல் உட்கார வைத்துக்கொண்டு தெருமுனை வரை போனேன். அமராவதிப் பாலம் பார்க்க வேண்டும் என்றாள், பாலம் வரை போனேன். பத்திரமாகத்தான் கூட்டிவந்தேன். குழந்தைக்கு ஒரு சிராய்ப்புக் கிடையாது. அதற்குப் போய் யமுனா அழுது, பையை எடுத்து, இத்தனை ஆர்ப்பாட்டம். எல்லாத் தாத்தாவும் செய்வதைத்தான் நான் செய்தேன்.

சம்பூரணம் போகிறபோது வண்டிப் பக்கம் கொஞ்ச நேரம் குனிந்து நின்றாள். செருப்பு வார் சரிசெய்தாள் போல.

ஜூலை 11, செவ்வாய்

வின்சென்ட் ஊரிலிருந்து வந்துவிட்டான். காலை 9.15க்கு வீட்டுக்கே வந்தான். பழகின மனுஷன். பொறி வரவில்லை, பிளக், காயில் எல்லாம் மாற்றியாயிற்று என்று சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டே வீட்டுக்குள் எட்டிப் பார்த்தான்.

“அக்கா இல்லீங்களா?”

“உடுமலைக்குப் போயிருக்கா.”

“எப்பங்ணா போனாங்க?”

“ரெண்டாந்தேதி.”

“வண்டி எப்ப நின்னுதுங்?”

“மூணாந்தேதி காத்தால. அதுக்கும் இதுக்கும் என்னப்பா?”

அவன் வண்டியைத் தொடவே இல்லை. ஸ்பேனர் பையைத் திறக்கவும் இல்லை. “வண்டிக்கு ஒண்ணுமில்லீங்ணா. அக்கா வந்தப்புறம் பாத்துக்கலாமுங்க” என்று சொல்லிக் கிளம்பினான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தூத்துக்குடி போய் வந்ததிலிருந்து ஆள் ஒரு மாதிரியாக இருக்கிறான். சம்பூரணம் என்ன, கார்புரேட்டர் பார்ப்பவளா?

ஜூலை 12, புதன்

இன்று அவளே போன் செய்தாள். பத்து நாளில் முதல் தடவை. நான் சாப்பிட்டேனா என்றுகூடக் கேட்கவில்லை. எடுத்த எடுப்பில், “வண்டி செரியாயிருச்சுங்களா?” என்றாள்.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். நான் எப்போது வந்து அழைத்துப் போவேன் என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்றுதானே அர்த்தம்?

“இன்னும் ஆகல. வின்சென்ட் வந்தான். நீ வந்தாத்தான் பாப்பானாம். கிறுக்கன்.”

“அவசரமில்லீங்க. மெதுவா பாத்துக்கலாம்” என்றாள்.

அவள் குரலில் ஒரு நிம்மதி இருந்த மாதிரி பட்டது. நான் அலையக் கூடாது என்று நினைத்திருப்பாள்.

ஜூலை 17, திங்கள், ஆடி 1

கண்டுபிடித்துவிட்டேன்.

நேற்றே முடிவு செய்தேன். எவனையும் நம்பிப் பயனில்லை, சாவித்துவாரத்திலிருந்து பிளக் வரை ஒவ்வொரு ஒயராக நானே விரலால் தொட்டுக்கொண்டே போவது. சீட்டைக் கழற்றி, பக்கத்து மூடியைக் கழற்றி, ஒவ்வொரு ஒயரின் நிறத்தையும் காகிதத்தில் எழுதிக்கொண்டேன். கறுப்பு-வெள்ளை, கறுப்பு-மஞ்சள், பச்சை. மூன்று மணி நேரம். அப்புறம் ஒரு நீல ஒயர். மற்ற ஒயர்கள் எல்லாம் பழசு, தூசி படிந்தவை. இது மட்டும் பிறகு சேர்த்தது, ஒட்டுப்போட்ட இடத்தில் கறுப்பு டேப். அதைப் பிடித்துக்கொண்டே போனால் பேட்டரிப் பெட்டிக்குப் பின்னால், இரண்டு விரல் மட்டும் நுழையும் இடுக்கில் ஒரு குட்டி சுவிட்ச். மேஜை விளக்கில் இருக்குமே, அந்த அளவு.

தட்டினேன். உதைத்தேன். முதல் உதையில் ஸ்டார்ட்.

அந்தச் சத்தத்தைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது என்பதை எழுதுவதில் வெட்கமில்லை. திருட்டுப் பயத்துக்கு எந்தக் காலத்திலோ வைத்தது, தானாக அணைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நேரே வின்சென்ட் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தினேன். அவன் முகத்தில் அசடு வழிவதைப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

அவன் அசடு வழியவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, “சுவிட்சைப் பாத்துட்டீங்களாங்ணா” என்றான்.

“நீ வெச்சதா?”

“அக்கா வெக்கச் சொன்னாங்க.”

“எப்ப?”

“நாலு வருசமாச்சுங். அக்காவுக்குக் கை ஒடைஞ்சு கட்டுப் பிரிச்சதும் நேரா இங்கதான் வந்தாங்க. நீங்க ட்யூட்டியில இருந்தீங்க. ‘சாயங்காலத்துல இவரு வண்டியெடுத்தா எனக்கு உசுரே இல்ல, எனக்கு மட்டும் தெரியற மாதிரி ஒண்ணு வெச்சுக் குடு’ன்னாங்க.”

மூலனூர் ரோட்டில் விழுந்தோமே, அதைச் சொல்கிறான். அவளுக்கு இடது மணிக்கட்டில் பிளேட் வைத்தார்கள். இன்றைக்கும் அந்தக் கையால் நிறைகுடம் தூக்க மாட்டாள். “அது ரோட்டுல மணல் கெடந்ததுப்பா” என்றேன். நாலு வருஷமாக எல்லோரிடமும் சொல்லி வந்ததுதான்.

“மணல் இல்லீங்ணா. வண்டியெடுக்க நான்தானே வந்தேன்” என்றான்.

திரும்பி வந்தேன்.

ஜூலை 18, செவ்வாய்

பழைய டைரிகளை எடுத்துப் பார்த்தேன். நாலு வருஷத்து டைரி. ‘வண்டி மக்கர்’ என்று எழுதியிருக்கும் நாள்களை மட்டும் குறித்தேன். இருபத்து மூன்று நாள். எல்லாம் சாயங்காலம். அதே பக்கத்தில் ‘நண்பர்கள் வந்திருந்தார்கள்’, ‘உடம்பு அசதி’, ‘சகவாச தோஷம்’ என்று ஏதாவது ஒன்று இருக்கிறது. மறுநாள் பக்கத்தில் ‘முதல் உதையில் ஸ்டார்ட்’. ஓரிடத்தில் ‘ஈரக்காற்றினால் பிளக் நமுத்திருக்கும்’ என்று காரணம் வேறு எழுதியிருக்கிறேன். சித்திரை மாதம் அது. ரிஜிஸ்டரில் ஒரு டிரைவர் இப்படி எழுதியிருந்தால் அவனை நான் என்ன பாடு படுத்தியிருப்பேன்.

ஆரம்பித்தபின் கடைக்கு இன்னொரு நடை போய்வரலாம் என்று நான் சாவியை எடுத்த சாயங்காலங்கள் அவை. வண்டி கிளம்பாது. நான் உட்கார்ந்து பழுது பார்ப்பேன். சம்பூரணத்தைக் கூப்பிட்டு டார்ச் பிடிக்கச் சொல்வேன். அவள் வந்து பக்கத்தில் நின்று பிடிப்பாள். ஒரு மணி நேரம் பிடித்திருக்கிறாள். கை நடுங்கினால், “ஆட்டாமப் புடிடீ” என்று கத்தியிருக்கிறேன். பழுது எங்கே இருக்கிறது என்று தெரிந்தவள், அதை அணைத்துவிட்டு வந்தவள், ஒடிந்த கையில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, நான் களைத்துப்போய்ப் படுக்கிற வரைக்கும் நின்றிருக்கிறாள். அப்போது அவளை என்னென்ன பேசினேன் என்பது டைரியில் இல்லை. அதையெல்லாம் நான் எழுதி வைக்கவில்லை.

ஜூலை 19, புதன்

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் போன் செய்தேன். ஆனால் வாயில் முதலில் வந்தது, “சுவிட்சைக் கண்டுபுடிச்சிட்டேன், வண்டி கிளம்பிருச்சு” என்பதுதான். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. என் புத்தி அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப் போகிறேன் என்றும் சொன்னேன்.

லைன் கட்டாகிவிட்டதா என்று போனைப் பார்த்தேன்.

“எங்கையில அது ஒண்ணுதாங்க இருந்துச்சு” என்றாள். “உங்ககிட்டச் சொல்லிப் பாத்தேன், அழுது பாத்தேன், உங்கக்காளை விட்டுப் பேசச் சொன்னேன். ஒண்ணும் ஆகல. அது ஒண்ணுதான் வேல செஞ்சுது. இப்ப அதும் உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. இனி நான் அங்க வந்து என்னத்தைப் பண்றது, சொல்லுங்க.”

இனிமேல் அப்படியெல்லாம் நடக்காது என்றேன்.

“செரிங்க” என்றாள். நம்பாதவர்கள் சொல்லும் செரி. முப்பத்து நாலு வருஷமாக அந்தச் செரியைக் கேட்டிருக்கிறேன், இன்றைக்குத்தான் புரிந்தது.

ஜூலை 20, வியாழன்

உடம்பு சரியில்லை.

ஜூலை 21, வெள்ளி

நேற்று எழுதியது பொய். உடம்புக்கு ஒன்றுமில்லை. குடித்தேன். இந்த டைரியில் அந்த வார்த்தையை நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. ஒன்பதாம் தேதியும் குடித்தேன். இரண்டாம் தேதி குடித்துவிட்டுத்தான் பேத்தியை டேங்கில் உட்கார வைத்தேன்.

நேற்று மத்தியானம் வீட்டில் ஆரம்பித்தேன். தீர்ந்துபோனதும் சாவியை எடுத்தேன். வண்டி கிளம்பியது. கிளம்பாமல் இருக்க இனி ஒரு காரணமும் இல்லையே. அதற்குப் பிறகு எதுவும் ஞாபகமில்லை.

காலையில் பார்த்தால் வண்டி பக்கத்து வீட்டு வேலியில் சாய்ந்து நிற்கிறது. வலதுபக்கக் கண்ணாடி இல்லை. ஹேண்டிலில் சுண்ணாம்பு அப்பியிருக்கிறது. எதில் உரசினேன்? யார் மேல்?

நடந்தே கிளம்பினேன். மதுக்கடைக்குப் போகும் பாதை முழுக்க ரோட்டோரம் பார்த்துக்கொண்டே போனேன். கண்ணாடி கிடைத்தது. ஆரம்பப் பள்ளிக்கூடத்து மதில் ஓரமாகக் கிடந்தது, கேட்டிலிருந்து பத்தடி. மதிலில் நீளமாகக் கீறல்.

பள்ளிக்கூடம் 4.10க்கு விடும். நான் எத்தனை மணிக்கு அந்த வழியாகப் போனேன்? முப்பத்தோரு வருஷம் ஒரு நாளைக்கு நானூறு பஸ்ஸுக்கு டைம் எழுதியவனுக்கு அது தெரியவில்லை. கேட்டருகே கொய்யாப்பழம் விற்கும் அம்மாளிடம் கேட்டேன்.

“நேத்து இங்க ஏதாச்சும் ஆக்சிடெண்டுங்களா?”

“ஆக்சிடெண்டெல்லாம் இல்லீங்க. ஒரு ஆளு மப்புல செவுத்தை ஒரசிட்டுப் போனான். அஞ்சரை இருக்கும். புள்ளைக எல்லாம் போயாச்சு. சாமி புண்ணியம்.” பிறகு என்னைப் பார்த்து, “தெரிஞ்சவருங்களா?” என்றாள்.

இல்லை என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஒரு மணி இருபது நிமிஷம் தள்ளிப் போனதால் நான் இன்று வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். என் சாமர்த்தியம் அதில் ஒன்றுமில்லை.

ஜூலை 22, சனி

வண்டியைத் தள்ளிக்கொண்டே வின்சென்ட் பட்டறைக்குப் போனேன். வண்டி மக்கரா என்று வழியில் இரண்டு பேர் கேட்டார்கள், ஸ்டார்ட் ஆகும் என்றேன்.

“சுவிட்சை வேற எடத்துல மாத்து” என்றேன் வின்சென்ட்டிடம். “எனக்குச் சொல்லாதே. அக்காவுக்கு மட்டும் போன் போட்டுச் சொல்லு.”

அவன் என்னைப் பார்த்தான். “அக்கா வராமப் போனா வண்டி இப்படியே நிக்குமுங்களே.”

“நிக்கட்டும்.”

“செரி, நீங்க அந்தப் பக்கமாப் போயிருங்க” என்றான். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் பேக்கரியில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து டீ குடித்தேன். முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு கூப்பிட்டான். அவளுக்குப் போன் போட்டு, இடத்தைத் தனியாகப் போய்ச் சொல்லிவிட்டு, போனை என்னிடம் கொடுத்தான்.

“நீங்களா செஞ்சீங்களா, யாராச்சும் சொன்னாங்களா?” என்றாள்.

“நானாத்தான்.” வியாழக்கிழமை நடந்ததைச் சொன்னேன். பள்ளிக்கூடத்து மதிலையும் சொன்னேன்.

“வின்சென்ட் வேல செய்யறப்ப திரும்பிப் பாத்தீங்களா?” என்றாள்.

இல்லை என்று சொல்லத்தான் வாய் வந்தது. “ஒரு தரம் பாத்தேன். அவன் முதுகுதான் தெரிஞ்சுது. முன்னால குனிஞ்சிருந்தான்” என்றேன்.

“வின்சென்ட்கிட்டப் போனைக் குடுங்க.”

கொடுத்தேன். அவன் “செரிங்க்கா, செரிங்க்கா” என்றான். வைத்துவிட்டு என்னிடம் கொஞ்சம் சங்கடத்தோடு, “மறுபடி வேற எடத்துல மாத்தச் சொல்றாங்கண்ணா. உங்களை வீட்டுக்கே போயிரச் சொன்னாங்க. வண்டியை நான் தள்ளிட்டு வந்து விடறேனுங்க” என்றான்.

வந்துவிட்டேன்.

ஜூலை 24, திங்கள்

நேற்று உடுமலைக்கு பஸ்ஸில் போனேன். கண்டக்டர் கேட்டான், சொன்னேன். யமுனா கதவைத் திறந்தாள், வாங்கப்பா என்று சொல்லவில்லை. பேத்தியை உள் அறையில் வைத்திருந்தாள். குழந்தை சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்டது, வெளியே விடவில்லை. அது சரிதான். சம்பூரணம் மோர் கொண்டுவந்து வலது கையால் கொடுத்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன். கேட்டுக்கொண்டாள். வா என்று கூப்பிட எனக்குத் தைரியமில்லை, வருகிறேன் என்று அவளும் சொல்லவில்லை. டவுனில் ஆஸ்பத்திரி ஒன்று இருக்கிறது, குடியை நிறுத்த வைத்தியம் பார்க்கிறார்கள் என்று யமுனாதான் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாள். வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

இன்று காலை 6.40க்குப் போன் வந்தது. சம்பூரணம்.

“வண்டியை ஒதைச்சுப் பாருங்க” என்றாள்.

போனை வாசல் திண்ணை மேல் வைத்துவிட்டு, அவளுக்குக் கேட்கிற மாதிரி ஐந்து உதை உதைத்தேன்.

“ஆகல” என்றேன்.

“செரிங்க” என்றாள். கொஞ்சம் கழித்து, “நாளைக்கும் இதே நேரத்துக்குப் போடறேன்” என்று சொல்லி வைத்தாள்.